குப்பியில் அடைத்த சரஸ்வதி

வல்லாரைக் கீரைமீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வாரம் ஒருமுறை எங்கள் வீட்டில் வல்லாரைத் துவையல் உண்டு. தேங்காய், புளி, கொஞ்சம் உளுந்து வறுத்துப் போட்டு அரைத்தால் அந்தக் கசப்பே ருசியாகிவிடும். என் சண்டை கீரையோடு கிடையாது. அதைச் சாறெடுத்து, காயவைத்து, கேப்ஸ்யூலில் அடைத்து, குப்பிமேல் மின்னல் அடிக்கும் மூளை ஒன்றை வரைந்து, கீழே 'நினைவாற்றலுக்கு' என்று ஒரு வார்த்தை எழுதுகிறார்களே, அந்த வார்த்தையோடுதான் சண்டை.

அந்த வார்த்தையை வாங்குபவர்கள் இரண்டே வகை. ஒன்று, மார்ச் மாதப் பொதுத்தேர்வை நினைத்துத் தூக்கம் கெட்ட பெற்றோர். இன்னொன்று, அப்பா ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டதும் வயிற்றில் ஏதோ பிசைகிற பிள்ளைகள். இரண்டு பேருமே பயத்தில் இருக்கிறார்கள். பயத்தில் இருப்பவனிடம் எது சொன்னாலும் விற்கும் என்பது வியாபாரத்தின் பாலபாடம். நாம்தான் அதைப் பாரம்பரியம் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். தமிழில் வல்லாரை என்பது சென்டெல்லா ஆசியாட்டிகா. தவளைப் பாதம் மாதிரி வட்ட இலை, ஈர வரப்பில் படரும், கொத்தமல்லிக் குடும்பம். நீர்ப்பிரமி என்பது பகோப்பா மொனியேரி. சின்னச் சதைப்பற்றுள்ள இலை, வெளிர் பூ, வேறு குடும்பம், உள்ளே இருக்கும் வேதிப்பொருட்களும் வேறு. முன்னதில் ஆசியாட்டிகோசைடு, பின்னதில் பகோசைடு. 'பிராமி' என்ற பெயரைக் கேரளத்தில் பகோப்பாவுக்கு வைத்திருக்கிறார்கள், வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரைக்கு வைத்திருக்கிறார்கள். இந்தக் குழப்பம் நூற்றாண்டுப் பழையது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு செடியில் நடந்த ஆய்வை இன்னொரு செடியின் குப்பிக்கு விளம்பரமாகப் போடுவது குழப்பம் கிடையாது. பகோப்பா ஆய்வைச் சொல்லி வல்லாரைப் படம் போட்ட மாத்திரையை விற்பதை நானே பார்த்திருக்கிறேன். வேறு எந்தத் துறையிலாவது இது செல்லுமா? சோனாமசூரிக்கு வந்த சான்றிதழைக் காட்டி ரேஷன் புழுங்கலரிசி விற்றால் கடைக்காரரை விடுவோமா?

நம் பழமொழி ஒன்று உண்டு: வல்லாரை உண்டவனோடு மல்லாடாதே. மல் என்றால் மற்போர். உடம்பு வலுவைப் பற்றிய பேச்சு அது. அதில் பரீட்சையும் இல்லை, மார்க்கும் இல்லை. சரஸ்வதிக் கீரை என்ற பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள் மல்லாடுவதை வசதியாக மறந்துவிட்டார்கள். (வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு வரும் என்று கேட்டு வளராத தமிழ்ப்பிள்ளை இருக்க முடியாது. பாவம் வெண்டைக்காய், அதை இன்னும் யாரும் சாறெடுத்து எனக்கு விற்கவில்லை.)

சரி, ஆய்வே இல்லையா? இருக்கிறது. அதை நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பகோப்பாவைப் பற்றி ஆஸ்திரேலியாவில் 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. 40 வயது முதல் 65 வயது வரையான 76 பேர், மூன்று மாதம், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. முடிவில் ஓர் அளவீட்டில் வித்தியாசம் தெரிந்தது: புதிதாகக் கற்ற சொல் ஜோடிகளை மறக்கும் வேகம் மூலிகை எடுத்தவர்களிடம் குறைந்திருந்தது. இதைத்தான் விளம்பரங்கள் பிடித்துக்கொள்கின்றன. அதே ஆய்வறிக்கை சொல்லும் மற்றதைச் சொல்வதில்லை. கற்கும் வேகம் கூடவில்லை. கவனம் கூடவில்லை. குறுகிய கால நினைவு மாறவில்லை. அன்றாட மறதி எப்படி இருக்கிறது என்று அவர்களையே கேட்ட கேள்வித்தாளிலும் வித்தியாசம் இல்லை. அதாவது, மாத்திரை எடுத்தவர்களுக்கே சாவியை எங்கே வைத்தோம் என்பதில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை.

இது போன்ற சோதனைகளையெல்லாம் திரட்டி 2014-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. உலகம் முழுக்கத் தேடிச் சலித்ததில் தேறியவை ஒன்பது சோதனைகள், மொத்தம் 518 பேர். சில கவனச் சோதனைகளில் பயன் இருக்கலாம், பெரிய சோதனை வேண்டும் என்பது அதன் தொனி. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் ஆபீஸில் 'வாங்கு' பட்டனைப் பச்சையாக வைக்கலாமா நீலமாக வைக்கலாமா என்று பார்க்கவே ஆயிரக்கணக்கான பயனர்களிடம் சோதிப்போம். ஐந்நூறு பேர் எண்ணிக்கையைக் கொண்டுபோனால் மேனேஜர் சிரிப்பார். ஒரு பட்டனின் நிறத்துக்குக் கேட்கிற சாட்சியை, அம்மாவின் மூளைக்கு நாம் கேட்பதில்லை.

வல்லாரைக்கு நிலைமை இன்னும் மெலிவு. 2017-இல் வந்த தொகுப்பாய்வில், அறிவாற்றல் கூடுகிறது என்று சொல்லும்படி உறுதியான எதுவும் கிடைக்கவில்லை.

சின்ன ஆய்வுகளை நம்பிக் கடை விரித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு இலையின் கதை இருக்கிறது. ஜின்கோ. சீனத்து மரம், இலை விசிறி மாதிரி இருக்கும். அதன் இலைச்சாற்றை ஐரோப்பாவில் தரப்படுத்தி, இவ்வளவு சதவீதம் இந்தப் பொருள் என்று கணக்காக, ஒழுங்காகத் தயாரித்தார்கள். நம் ஊர்க் குப்பிகளைவிட நூறு மடங்கு ஒழுங்கு. 1997-இல் அமெரிக்காவில் ஏற்கெனவே மறதிநோய் வந்த முந்நூற்றுச் சொச்சம் பேரிடம் ஓராண்டு சோதித்ததில் கொஞ்சம் பயன் தெரிந்தது. கொஞ்சம்தான், ஆனால் தெரிந்தது. அது போதுமே. உலகமே ஜின்கோ விழுங்கத் தொடங்கியது.

பிறகு அமெரிக்க அரசுப் பணத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர். தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம், அல்லது அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சராசரியாக ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 246 பேருக்கு டிமென்ஷியா வந்திருந்தது. ஜின்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கு. புள்ளியியல்படி அந்த இடைவெளிக்கு அர்த்தம் இல்லை, ஜின்கோ கெடுதல் செய்தது என்று சொல்ல முடியாது. தடுக்கவில்லை என்று சொல்லலாம். ஒருவேளை அமெரிக்கர்களுக்குத்தான் வேலை செய்யவில்லையோ என்றால், பிரான்ஸில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,820 பேரிடம் ஐந்தாண்டு பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் அதே கதை.

இதற்குப் பிறகு ஜின்கோ விற்பனை நின்றுவிட்டதா? நம் மருந்துக்கடையிலேயே போய்க் கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு மருந்து தோற்றதை ஊர் அறிய ஏழெட்டு வருடம், கோடிக்கணக்கான பணம், மூவாயிரம் கிழவர்களின் பொறுமை தேவைப்பட்டது. விற்பவருக்கு அந்த முடிவைக் கண்டுகொள்ளாமல் இருக்க ஒரு நொடி போதும்.

பகோப்பாவுக்கு அப்படியொரு சோதனை இன்றுவரை நடக்கவில்லை. அதை விற்பவர்கள், தோற்கவில்லையே என்கிறார்கள். தேர்வே எழுதாதவன் ஃபெயில் ஆகவில்லை என்று பீற்றிக்கொள்வது மாதிரி.

என் வயதுக்காரர்களுக்கு இங்கே இன்னொன்று ஞாபகம் வரலாம். தொண்ணூறுகளில் 'மெமரி ப்ளஸ்' என்று ஒரு கேப்ஸ்யூல் வந்தது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பகோப்பாவில் செய்த வேலையிலிருந்து பிறந்தது. விளம்பரத்தில் விஸ்வநாதன் ஆனந்த். அதைவிடப் பொருத்தமான முகம் அந்தக் காலத்தில் இந்தியாவில் கிடையாது. சதுரங்கப் பலகையின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தால் நடுத்தர வர்க்க அப்பா ஒருவர் என்ன நினைப்பாரோ அதைத்தான் நினைத்தார். ஆனந்தின் திறமை அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்த ஆட்டத்தில், சிறுவனாக ஆயிரக்கணக்கான மணிநேரம் காய் நகர்த்தியதில் வந்தது. கேப்ஸ்யூல் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆன பிறகுதான் கடைக்கே வந்தது. அந்த அரசு ஆய்வகத்தின் வேதியியல் வேலையை நான் மதிக்கிறேன். செடிக்குள் இருப்பது என்ன என்று பிரித்துப் பார்த்தது நல்ல அறிவியல். ஆனால் பிரித்துப் பார்ப்பதற்கும் ஒரு மனிதனுக்குப் பயன்படும் என்று நிரூபிப்பதற்கும் இடையே நீண்ட சாலை இருக்கிறது. பாதிச் சாலையில் வண்டியை நிறுத்திக் கடையைத் திறந்துவிட்டோம்.

இந்தத் தொழிலின் உண்மையான சாமர்த்தியமே அந்தப் பாதிச் சாலையில்தான் இருக்கிறது. சான்று எங்கே என்று கேட்டால், மூவாயிரம் வருஷப் பாரம்பரியம் சார் என்பார்கள். அப்படியானால் கீரையாகவே சாப்பிடுகிறேனே, கட்டு பதினைந்து ரூபாய்தானே என்றால், இது தரப்படுத்தப்பட்ட சாறு சார், ஐம்பது சதவீதம் பகோசைடு, லேப் டெஸ்டட் என்பார்கள். நிரூபிக்கிற பொறுப்பு வரும்போது சித்தர், விலை போடும்போது விஞ்ஞானி. எந்த ஓலைச்சுவடியிலும் ஐம்பது சதவீதம் பகோசைடு கிடையாது. சாராயத்தில் சாறெடுத்து, தெளித்து உலர்த்தி, ஜெலட்டின் கூட்டில் அடைத்த ஒரு பொருள் போன நூற்றாண்டின் கடைசியில் பிறந்த புதுப் பொருள். புதுப் பொருள் புதுச் சோதனையில் தேற வேண்டும். தாத்தாவின் நற்பெயரைக் காட்டி பேரன் வேலை வாங்கக் கூடாது.

சும்மா ஒரு கீரை மாத்திரைதானே, வேலை செய்யாவிட்டாலும் கெடுதல் என்ன? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத நண்பர்கள் இல்லை.

பெரியம்மா ஒருவர் எனக்கு. கோவில்பட்டிப் பக்கம், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயரை இனிஷியலோடு சொல்லக்கூடியவர், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். மகளைத் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெங்களூரில் இருக்கும் மகன், நல்லவன், அம்மாமேல் உயிர், உடனே ஆன்லைனில் மூளைக்கான மூலிகை மாத்திரை ஆர்டர் செய்தான். மாதாமாதம் பெட்டி வந்தது. "கொஞ்சம் தெளிவா இருக்காங்கடா" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லத்தான் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். பத்து மாதம். அதன் பிறகு கால் மரத்துப்போகிறது, நடக்க முடியவில்லை என்று உள்ளூர் டாக்டரிடம் போனபோது அவர் ரத்தப் பரிசோதனை எழுதினார். வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. சுத்த சைவம், பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். இரண்டுமே பி12-ஐக் குறைக்கும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். ஊசி போட்டார்கள். விலை டீக்காசு. மறதி பாதிக்கு மேல் திரும்பியது. பெயர்கள் வந்தன. கால் மரப்பு முழுசாகப் போகவில்லை, ரொம்பத் தாமதம் என்றார் டாக்டர். இப்போதும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்.

அந்த மாத்திரை பெரியம்மாவை ஒன்றும் செய்யவில்லை. பத்து மாதத்தை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். மறதிக்குப் பின்னால் பி12 குறைவு இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், தூக்க மாத்திரை இருக்கலாம். இவை சரிசெய்யக்கூடியவை. குப்பியில் 'நினைவாற்றலுக்கு' என்று எழுதியிருப்பதால், இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது என்று வீடு நம்பிவிடுகிறது. 2023-இல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். இதில் எத்தனை வீடுகளில் டாக்டருக்கு முன்னால் கூரியர்காரர் வந்துவிட்டுப் போனார்?

நேரடிக் கெடுதலும் இல்லாமல் இல்லை. பகோப்பா சிலருக்கு வயிற்றைக் கலக்கும். ஜின்கோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்தாகலாம். இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு, ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாகச் சொன்னது. இந்தியாவில் செய்தவை, அமெரிக்காவில் செய்தவை இரண்டிலுமே. ஈயம் மூளைக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சட்டம் என்று ஒன்று இருக்குமே? இருக்கிறது, படித்தால் சிரிப்பு வரும். ஆங்கில மருந்துகளுக்கான விதிகளில் அட்டவணை ஜெ என்று ஒரு பட்டியல். இவற்றைக் குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல். புற்றுநோய், வழுக்கை, சிவந்த நிறம் இவற்றோடு 'மூளைத்திறனைக் கூட்டுதல், நினைவாற்றலை மேம்படுத்துதல்' என்பதும் அதில் இருக்கிறது. மறதிக்கு மருந்து என்று ஒரு பன்னாட்டு மருந்து கம்பெனி பரீட்சைப் பிள்ளைகளுக்கு மாத்திரை விற்க முடியாது. அதே வாக்கியத்தை ஒரு இலைப் படத்தோடு சேர்த்தால் வழி பிறந்துவிடுகிறது. ஒரு வழி, உணவுத் துணைப்பொருள் என்று உரிமம் வாங்குவது. 2016-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி அந்தக் குப்பியில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். முன்பக்கம் மூளை, பின்பக்கம் எறும்பு எழுத்தில் இது. இன்னொரு வழி ஆயுஷ் உரிமம். அங்கே விளம்பரத்துக்கு முன்அனுமதி வேண்டும் என்று 2018-இல் 170-ஆம் விதியைக் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சகமே அதை நீக்கியது. அந்த நீக்கத்தை ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்ட்டில் வழக்கை முடித்துவைத்தபோது அந்தத் தடையும் விலகியது. பூட்டை மாட்டி, கழற்றி, பிடித்துவைத்து, கடைசியில் கதவைத் திறந்தே விட்டாயிற்று.

'வெள்ளைக்காரன் சொன்னாத்தான் நம்புவியா?' என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும். 1949-இல் பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதய மருத்துவர் சர்ப்பகந்தா வேரை ரத்த அழுத்தம் உள்ள 50 நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, குறித்து, பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். நம் நாட்டு வேர், நம் நாட்டு டாக்டர், நம் நாட்டு நோயாளிகள். மூன்று வருடத்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டு உலகம் முழுக்க ரத்த அழுத்த மருந்தானது. பிறகு அது மனச்சோர்வு உண்டாக்குகிறது என்ற புகார்களும் பதிவாயின, பயன்பாடு குறைந்தது. ஒரு மூலிகைக்கு இதைவிடப் பெரிய மரியாதை எது? அதை நம்பி அளந்தார்கள், அளந்ததால் அதன் பலமும் தெரிந்தது, கெடுதலும் தெரிந்தது. மறதிநோய்க்கே வரலாம். கேலன்டமின் என்ற அல்சைமர் மருந்து பனித்துளிப் பூவின் கிழங்கிலிருந்து வந்தது. பல்கேரியாவில் ஐம்பதுகளில் தொடங்கிய வேலை, அமெரிக்காவில் 2001-இல் அனுமதி. நோயைக் குணமாக்காது, கொஞ்ச காலம் கொஞ்சம் உதவும், அதையும் அப்படியேதான் எழுதியிருக்கிறார்கள். செடி என்பதால் யாரும் ஒதுக்கவில்லை. செடி என்பதால் யாரும் சலுகையும் கொடுக்கவில்லை.

ஆங்கில மருந்து கம்பெனிகள் யோக்கியமா என்றால், இல்லை. 2021-இல் அடுகானுமாப் என்ற அல்சைமர் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது வெட்கக்கேடு. ஆலோசனைக் குழுவில் ஒருவர்கூட ஆதரிக்காத மருந்து அது. ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். குழுவிலிருந்து மூன்று பேர் ராஜினாமா செய்தார்கள், ஐரோப்பா அனுமதி மறுத்தது, டாக்டர்கள் எழுதத் தயங்கினார்கள், 2024-இல் கம்பெனியே கைவிட்டது. சண்டை போட அங்கே எண்கள் இருந்தன. நம் குப்பியோடு சண்டை போடப் போனால் அங்கே எண்ணே இல்லை, ஒரு ரிஷியின் படம்தான் இருக்கிறது.

நல்ல சித்த மருத்துவர்களை எனக்குத் தெரியும். நாடி பார்ப்பார்கள், தூக்கத்தைக் கேட்பார்கள், மலச்சிக்கலைக் கேட்பார்கள், என்ன சாப்பிடுகிறாய் என்று அரைமணி நேரம் குடைவார்கள். ஆளைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே கேப்ஸ்யூல் என்பது அவர்கள் வைத்தியத்துக்கே அவமானம். தாம்பரத்திலும் பாளையங்கோட்டையிலும் படிக்கும் இளம் சித்த மருத்துவர்கள்தான் இந்தக் குப்பிகளுக்கு எதிராக முதலில் கத்த வேண்டும். அவர்களுடைய பெயரைச் சொல்லித்தானே விற்கிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுப்பிவிடப்படும் பிள்ளைக்கு ஞாபகம் நிற்கவில்லை என்றால் அது தூக்கக் கடன். அதை இலையால் அடைக்க முடியாது.

பெரியவர்கள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2024-இல் லான்செட் ஆணையம் டிமென்ஷியாவுக்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் கிட்டத்தட்ட 45 சதவீதம் டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை, மங்கிய பார்வை, காற்று மாசு என்று போகும் அந்தப் பட்டியலில் கனமான ஒன்று காது கேளாமை. நம் வீடுகளில் மாதம் எழுநூறு ரூபாய்க்கு மூளை மாத்திரை வாங்க யாரும் யோசிப்பதில்லை. காது மிஷின் என்றால் மட்டும், "அதெல்லாம் எதுக்குப்பா, நாலு பேரு செவிடுன்னு சொல்லுவாங்க" என்று அவரும் சொல்கிறார், நாமும் விட்டுவிடுகிறோம். கத்திப் பேச வேண்டியிருக்கிறதே என்று மெல்ல மெல்ல அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொள்கிறோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கேப்ஸ்யூலையும் அவர் கையில் கொடுத்து, அவருக்குக் கேட்காத குரலில், "போட்டுக்கோங்க" என்கிறோம்.